பெயர் தெரியாப் பறவைக்கும் கணக்கு உண்டு

கடற்கரை மணலில் நிற்கும் ஒருவரின் கண் நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1.7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி உருண்டை என்பதால் அங்கிருந்து பார்ப்பவருக்குத் தொடுவானம் 4.6 கிலோமீட்டரில் முடிந்துவிடும். பத்து மீட்டர் உயரப் பாறையில் ஏறினால் அது 11 கிலோமீட்டருக்கு அப்பால் நகரும். கரையில் நின்று கடற்பறவை பார்ப்பவரின் வயல் இவ்வளவுதான். ஆனால் அந்த வயலுக்குள் வந்து போகிறவை சாதாரணப் பறவைகள் அல்ல. ஆடி மாதத்துக் கச்சான் காற்றில், அன்டார்க்டிகாவின் பாறை இடுக்கில் பிறந்த குருவியளவுப் பறவை ஒன்று கன்னியாகுமரிக்கு எதிரே அலையோடு அலையாகப் போகலாம். மேற்கு ஆஸ்திரேலியத் தீவுகளில் வளை தோண்டி முட்டையிடும் இன்னொன்று கொழும்புக்கு எதிரே கடக்கலாம். கரையில் நிற்பவர் கண்ணுக்கு இரண்டுமே ஒரு கறுப்புப் புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பெயர் சொல்ல முடியுமா? பல வேளைகளில் முடியும். ஆனால் அந்தப் பெயருக்கான சான்று இறகின் நிறத்தில் கிடைப்பதில்லை, பறக்கும் விதத்தில் கிடைக்கிறது. அந்தச் சான்று போதாதபோது ‘தெரியவில்லை’ என்று எழுதி வைப்பதும் அறிவியலுக்கு உதவும் செய்திதான். இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொண்டால்தான் கரையிலிருந்து செய்யும் பறவை நோக்கலுக்கு மதிப்பு உண்டாகும்.

முதலில் நிறம் ஏன் கைவிடுகிறது என்று பார்ப்போம். நம் கடலோரங்களில் காணும் பெரிய கொண்டை ஆலாவையும் சிறிய கொண்டை ஆலாவையும் பிரித்தறியப் பறவைக் கையேடுகள் சொல்லும் முதல் அடையாளம் அலகின் நிறம். பெரியதற்கு மஞ்சள், சிறியதற்கு ஆரஞ்சு. துறைமுகச் சுவரில் உட்கார்ந்திருக்கும்போது இதில் குழப்பமே வராது. அதே ஆலா இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பறக்கும்போது, 30 மடங்கு பெருக்கும் நல்ல தொலைநோக்கி வைத்துப் பார்ப்பதாகக் கொள்வோம். தொலைநோக்கி அந்த இரண்டு கிலோமீட்டரை ஏறத்தாழ 67 மீட்டராகச் சுருக்கித் தருகிறது. ஆலாவின் அலகு ஆறு சென்டிமீட்டர் நீளம், ஒன்றரை சென்டிமீட்டர்கூடத் தடிமன் இல்லை. அதாவது, 67 மீட்டர் தள்ளி நடந்துபோகிறவரின் சட்டைப் பையில் செருகியிருக்கும் பேனா மூடி மஞ்சளா ஆரஞ்சா என்று வெறுங்கண்ணால் சொல்வதற்குச் சமம். போதாக்குறைக்கு, நடுவே இருக்கும் காற்று வெயிலில் சூடேறி நெளிகிறது, உப்புத் துளிகள் மங்கலாக்குகின்றன, பறவையோ நொடிக்கு நொடி அலைமறைவில் காணாமல் போகிறது. கண்ணுக்கு அந்த நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டும் ஆற்றல் கிடையாது. அப்படியும் ‘ஆரஞ்சு அலகு தெரிந்தது’ என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று பொருளில்லை. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்ததை மனம் வரைந்து காட்டியிருக்கிறது.

அலகும் காலும் கண்வளையமும் மறைந்த பிறகும் மூன்று செய்திகள் நீண்ட தூரம் தாங்கி வருகின்றன. ஒன்று, உடலின் கோட்டுருவம். இரண்டு, கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள பெரிய வேறுபாடு. கரும்பழுப்புப் பறவையின் சிறகு நுனியில் பளிச்சிடும் வெள்ளைத் தீற்று ஸ்குவா என்னும் கொள்ளைப் பறவையைக் காட்டிக்கொடுப்பது இப்படித்தான். மூன்றாவது, எல்லாவற்றிலும் நம்பகமானது, அசைவு. அசைவு என்பது பறவையின் விருப்பத்தைப் பொறுத்த ஒரு பாணி அல்ல; அது உடலமைப்பின் விளைவு. பெரிய கொண்டை ஆலாவின் எடை ஏறத்தாழ 350 கிராம், விரித்த சிறகின் அகலம் 1.2 மீட்டருக்கு மேல். நம் கடல்களுக்கு வரும் ஃபிளெஷ்-ஃபுட்டட் ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவையின் சிறகு அகலம் அதைவிடச் சற்றுக் குறைவு, எடையோ கிட்டத்தட்ட இருமடங்கு. குறைந்த பாரத்தைப் பெரிய சிறகால் தூக்கும் ஆலாவால் மெதுவாகப் பறக்க முடிகிறது, ஒவ்வொரு சிறகடிப்புக்கும் அதன் உடல் சற்றே மேலெழுந்து தாழ்கிறது. அலகைக் கீழ்நோக்கிப் பிடித்து மீன் தேடுகிறது, நின்ற இடத்தில் சிறகடித்துத் திடீரென்று தலைகுப்புற விழுகிறது. ஷியர்வாட்டரால் அப்படி மிதக்க முடியாது. வேகம் குறைந்தால் அது விழுந்துவிடும். ஆகவே விறைத்த குறுகிய சிறகுகளை நேராக நீட்டி, நீரை உரசுவதுபோல் சறுக்கிச் செல்கிறது. இரண்டு கிலோமீட்டர் தொலைவிலும் இந்த வேறுபாடு மாறுவதில்லை, ஏனென்றால் எடையும் சிறகின் பரப்பும் தொலைவால் மாறுவதில்லை.

ஷியர்வாட்டர் சிறகே அடிக்காமல் நிமிடக்கணக்கில் எப்படிப் போகிறது என்ற கேள்விக்கு இயற்பியலாளர் ரேலி பிரபு 1883-லேயே விடை சொல்லிவிட்டார். கடலை ஒட்டிய காற்று நீரின் உராய்வால் மெதுவாக வீசும். சில மீட்டர் மேலே போனால் காற்றின் வேகம் கூடும். பறவை காற்றை எதிர்த்து மேலேறும்போது வேகம் கூடிய காற்றடுக்கில் நுழைந்து தூக்குவிசையைப் பெறுகிறது. உச்சியில் திரும்பிக் காற்றோடு சரிந்து இறங்கும்போது வேகத்தைப் பெறுகிறது. இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு ஓர் அலைவரி தெரியும்: தொடுவானத்துக்கு மேலே எழும் ஒரு வில், பிறகு அலைப்பள்ளத்தில் மறைவு, மீண்டும் வில். ஏறும்போது ஒரு பக்கமும் இறங்கும்போது மறுபக்கமும் மாறிமாறித் தெரிவதால், அடிப்புறம் வெண்மையான இனங்களில் கருமையும் வெண்மையும் விளக்கைப் போட்டு அணைத்ததுபோல் மின்னும். பறவைப் பறத்தலை ஆராய்ந்த காலின் பென்னிகுயிக் தெற்கு ஜார்ஜியாத் தீவைச் சுற்றி வில்சன் ஸ்டார்ம் பெட்ரல் முதல் அலைந்து திரியும் பெரிய அல்பட்ராஸ் வரை அளந்து 1982-ல் வெளியிட்ட ஆய்வு, உடலின் அளவுக்கும் சிறகின் வடிவத்துக்கும் பறத்தல் முறைக்கும் உள்ள தொடர்பை எண்களாகவே தந்தது. பழகிய நோக்கர் ‘இது ஷியர்வாட்டர்’ என்று சொல்லும்போது, தாம் அறிந்தோ அறியாமலோ இந்த எண்களைத்தான் கண்ணால் படிக்கிறார்.

இந்த வாசிப்பை இனத்தின் அளவுக்குக் கொண்டுபோகவும் சில வேளைகளில் முடியும். வில்சன் ஸ்டார்ம் பெட்ரல் ஏறத்தாழ 40 கிராமே எடையுள்ள கறுப்புப் பறவை. அது அலைமேல் காலைத் தொங்கவிட்டு, நீரில் நடப்பதுபோல் தத்தித் தத்தி இரை பொறுக்கும். பிட்டத்தில் வெள்ளைப் பட்டை. வடமேற்குப் பசிபிக் தீவுகளில் பிறந்து இந்தியப் பெருங்கடலுக்கு வரும் ஸ்வின்ஹோ ஸ்டார்ம் பெட்ரலுக்கு அந்த வெள்ளை கிடையாது. ஷியர்வாட்டர்களுக்குள்ளும் ஆப்புவால் ஷியர்வாட்டர் எடை குறைந்தது; சிறகை முன்னோக்கி வளைத்து, சோம்பலாக அடித்து, நீண்ட வாலோடு போகும். ஃபிளெஷ்-ஃபுட்டட் அதைவிடக் கனமானது, சிறகு விறைப்பானது. ஸ்குவாவோ தடித்த நெஞ்சோடு நேர்கோட்டில் வந்து, மீன் பிடித்த ஆலாவைத் துரத்தி, அது கக்கும் இரையைப் பறித்துக்கொண்டு போகும். துரத்தல்கூட ஓர் அடையாளந்தான். கடற்காகம் அப்படித் துரத்தினாலும் அந்த வேகமும் திருப்பமும் அதற்கு வராது.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். ‘பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது’ என்பது அறிவியலா, குறிசொல்வதா? ஆங்கிலேயப் பறவை நோக்கர்கள் இந்த மொத்தத் தோற்றத்துக்கு ‘ஜிஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரில் விமானங்களை அடையாளம் கண்ட படையினரின் குறுஞ்சொல்லிலிருந்து இது வந்ததாக ஒரு கதை உலவுகிறது. ஆனால் பறவை நூலாசிரியர் டி. ஏ. கவர்ட் 1922-ல் வெளியிட்ட நூலிலேயே இந்தச் சொல் இருப்பதால் அந்தக் கதை நிற்காது. சொல்லின் கதையே இப்படிச் சரிபார்க்காமல் பரவும்போது, அந்தச் சொல்லை நம்பிச் செய்யும் அடையாளம் எப்படி இருக்கும் என்று ஐயப்படுவோரைக் குறைசொல்ல முடியாது. விடை இதுதான்: மொத்தத் தோற்றத்தைச் சான்றாக ஏற்க வேண்டுமானால் அதைப் பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். தெருமுனையில் வரும் உறவினரை நடையை வைத்தே நாம் அறிகிறோம். யாராவது கேட்டால், தோளை ஒரு பக்கம் சாய்ப்பார், கையை வீசமாட்டார் என்று காரணமும் சொல்ல முடியும். அதுபோல, ‘நான்கைந்து விறைப்பான சிறகடிப்பு, பிறகு நீண்ட சறுக்கல், சிறகு நேராக, வால் குட்டை’ என்று எழுத முடிந்தால் அது சான்று. மற்றொருவர் அதைச் சோதிக்கலாம், மறுக்கலாம். ‘ஏனோ ஷியர்வாட்டர் மாதிரி இருந்தது’ என்பதோடு நின்றுவிட்டால் அது ஊகம். அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மறுப்பின் இன்னொரு முனை கூர்மையானது. பறத்தல் உடலமைப்பின் விளைவு என்றால், அது காற்றின் விளைவும்தானே? உண்மை. காற்று ஓய்ந்த காலையில் ஷியர்வாட்டர் சறுக்க வழியின்றி ஓயாமல் சிறகடிக்கும், பார்ப்பவர் அதை வேறெதுவாகவோ எண்ணுவார். கடும் கச்சானில் சாதாரணக் கடற்காகம்கூட ஷியர்வாட்டர்போல் சாய்ந்து வளைந்து செல்லும். எனவே காற்றைக் குறிக்காமல் பறத்தலை மட்டும் குறிப்பது, விலையைச் சொல்லி எடையைச் சொல்லாமல் விடுவதைப் போன்றது. காற்று எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில், பறவை அதை எதிர்த்தா குறுக்காகவா போகிறது என்பதும் சேர்ந்தால்தான் அசைவுக்குப் பொருள் வரும். அளவு விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். கடலில் மரமில்லை, கம்பமில்லை, ஒப்பிட ஒன்றுமில்லை. தொலைநோக்கி தூரத்தைச் சுருக்கிக் காட்டுவதால், ஒரே அளவுள்ள இரண்டு பறவைகளில் பின்னால் இருப்பது பெரியதாகத் தோன்றும். வெளிச்சமும் ஏமாற்றும். சென்னைக் கரையில் காலைச் சூரியன் கடலிலிருந்தே எழுவதால் முற்பகலில் எல்லாப் பறவைகளும் கறுப்பு. அங்கே பிற்பகல்தான் நல்ல நேரம். கொழும்பிலும் கேரளக் கரையிலும் இது தலைகீழ். எல்லாவற்றையும்விடப் பெரிய ஏமாற்று, எதிர்பார்ப்பு. ‘இந்த மாதத்தில் இந்தப் பறவைதான் வரும்’ என்ற அறிவு முதல் ஊகத்துக்கு உதவும், தீர்ப்புக்கு உதவாது. தீர்ப்பையும் அதனிடமே விட்டுவிட்டால், எதிர்பாராத பறவை ஒருநாளும் நம் கணக்கில் ஏறாது.

இந்த எல்லைகளையெல்லாம் மதித்துச் செய்த கரை நோக்கல் என்ன தரும் என்பதற்கு இலங்கையில் நல்ல சான்று இருக்கிறது. கடிவாள ஆலா என்று சொல்லத்தக்க பிரைடில்டு ஆலா, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடும் பழுப்புச் சாம்பல் முதுகும் கொண்டது. திறந்த கடலில் வாழ்வதால் கரையில் நிற்பவர் கண்ணில் எளிதில் படாது. பறவை நோக்கர் ரெக்ஸ் டி சில்வா கொழும்புக் கரையிலிருந்து ஆண்டின் பிற்பகுதியில் இவை பெருந்திரளாகத் தெற்கு நோக்கிப் போவதைத் தொடர்ந்து கவனித்து, 1987-ல் ‘ஐபிஸ்’ ஆய்விதழில் வெளியிட்டார். பெரும் பொருட்செலவு எதுவும் இல்லாமல், ஒரே கரை, ஒரே கடல், திரும்பத் திரும்பப் பார்த்தல் என்ற முறையில் ஒரு பெரிய வலசை வெளிச்சத்துக்கு வந்தது. இதில் இருக்கும் இடரையும் சொல்ல வேண்டும். கடிவாள ஆலாவைப் போலவே இருக்கும் சூட்டி ஆலாவுக்கு முதுகு மேலும் கறுப்பு, நெற்றி வெள்ளை கண்ணைத் தாண்டாது. ஒரு கிலோமீட்டருக்கு அப்பால், எதிர்வெயிலில், இந்த இரண்டும் ஒன்றே. அருகே போன பத்தும் கடிவாள ஆலா என்பதால், தொலைவில் போன நூறும் அதுவே என்று எழுதிவிடும் ஆசை எவருக்கும் வரும். கவனமான பதிவில் பத்து ஒரு வரியிலும், ‘கடிவாள அல்லது சூட்டி ஆலா’ என்று நூறு இன்னொரு வரியிலும் இருக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, படகேறிப் போய்ப் படம் எடுத்துவிட்டால் ஆயிற்றே என்பது அடுத்த மறுப்பு. படத்தின் வலிமையை மறுக்க முடியாது. நியூசிலாந்து ஸ்டார்ம் பெட்ரல் 19-ஆம் நூற்றாண்டில் சேகரித்த மூன்று உடல்களோடு அழிந்துபோனதாகவே கருதப்பட்டது. 2003-ல் கடலில் எடுத்த படங்கள்தான் அது உயிரோடிருப்பதைக் காட்டின. 2013-ல் லிட்டில் பேரியர் தீவில் அதன் கூடுகளும் கிடைத்தன. ஓர் அரிய இனம் இருக்கிறதா என்ற கேள்விக்குப் படமே சிறந்த சான்று. ஆனால் எத்தனை, எந்தத் திசையில், எந்த மாதத்தில் என்ற கேள்விகளுக்குப் படகு அவ்வளவாக உதவாது. படகு பறவையை விரட்டும். மீன் கழிவு வீசும் படகானால் கூட்டியும் வரும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போதுதான் இந்தப் பறவைகள் கரையை ஒட்டி வருகின்றன; அப்போது படகேறுவதே கடினம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையும் இருக்கிறது. கரையோ எல்லா நாளும் அதே இடத்தில் நிற்கிறது. ஒரே இடத்திலிருந்து ஒரே கால அளவு பார்த்தால்தான் சென்ற ஆண்டையும் இந்த ஆண்டையும் ஒப்பிட முடியும். அத்துடன், படம் ஒரு கணத்தை மட்டும் உறைய வைக்கிறது. சிறகு மேலே இருந்த கணமா கீழே இருந்த கணமா என்பதைப் பொறுத்து ஒரே பறவை இரண்டு இனமாகத் தெரியலாம். இங்கே முதன்மைச் சான்றான அசைவு, அந்த ஒற்றைப் படத்தில் இல்லை.

கடைசி மறுப்பு பெயர் தெரியாதவற்றைப் பற்றியது. இனம் தெரியாத பறவையை எழுதி என்ன பயன் என்று பலர் கேட்பார்கள். அறிவு படிப்படியாக வருவது என்பதை மறந்தால்தான் இந்தக் கேள்வி எழும். ‘கடற்பறவை’ என்பது முதல் படி, ‘ஆலா’ இரண்டாவது, ‘கறுமுதுகு ஆலா’ மூன்றாவது, ‘கடிவாள ஆலா’ நான்காவது. சான்று எந்தப் படிவரை ஏற்றுகிறதோ அங்கே நிற்பதுதான் நேர்மை. உலகெங்கும் பறவை நோக்கர்கள் பயன்படுத்தும் இ-பேர்டு தளத்திலும் ‘ஆலா வகை’ என்றோ, இரண்டு இனங்களில் ஒன்று என்றோ பதிய இடம் வைத்திருப்பது இதனால்தான். தவறான பெயர் இதைவிடத் தீங்கானது. இனம் தெரியாத நூறு ஆலாக்களைப் பின்னால் வரும் ஆய்வாளர் தக்கபடி கையாளலாம். துணிந்து பெயரிட்ட நூறில் எவை பிழை என்று அவருக்குத் தெரியப் போவதில்லை, நல்ல பதிவுகளையும் சேர்த்தே அவர் ஐயப்பட வேண்டியிருக்கும். ஒரு நோக்கரின் பதிவேட்டில் ‘தெரியவில்லை’ என்ற சொல்லே இல்லையென்றால், அவருடைய மற்றப் பெயர்களையும் நம்பத் தயங்குவதே அறிவுடைமை.

இது பொழுதுபோக்கின் ஒழுங்கு மட்டுமாக இருந்த காலம் மாறிவருகிறது. கடலுக்குள் காற்றாலை அமைக்க 2024-ல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த நிதித் திட்டத்தில் குஜராத்துக்கு 500 மெகாவாட், தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட். காற்று மின்சாரம் வேண்டாம் என்று எவரும் சொல்வதற்கில்லை. ஆனால் எந்தக் கடலில் நல்ல காற்று வீசுகிறதோ, அந்தக் காற்றை நம்பியே ஷியர்வாட்டரும் பறக்கிறது. காற்றாலையின் இறக்கை நுனி தாழும்போதும் பெரும்பாலும் நீரிலிருந்து 20, 30 மீட்டர் மேலேதான் நிற்கும். எனவே ஒரு பறவைக்கு ஆபத்தா இல்லையா என்பதை முதலில் தீர்மானிப்பது அது எந்த உயரத்தில் பறக்கிறது என்பதே. அமைதியான நாளில் நீரை உரசிப் போகும் ஷியர்வாட்டர், பலத்த காற்றில் எவ்வளவு உயரம் எழுகிறது? இராமர் பாலத் திட்டுகளில் முட்டையிடும் ஆலாக்கள் இரை தேடி எந்தத் திசையில், எவ்வளவு மேலே போகின்றன? இந்தக் கேள்விகளுக்கு அலகின் நிறம் விடை சொல்லாது. நாளும் நேரமும், காற்றின் திசை, பறவை போன திசை, ஏறத்தாழ எவ்வளவு தொலைவு, அலைக்கு மேல் எவ்வளவு உயரம், ‘ஆலா வகை, 14, இனம் தெரியவில்லை’ என்று எழுதிய ஒரு வரி சொல்லும். பெயர் தெரியாவிட்டாலும் அந்தப் பதினான்கு பறவைகளும் போன வழி அதில் பதிந்திருக்கிறது. ஒரு காற்றாலைக் கம்பத்தை எங்கே நடலாம், எங்கே நடக்கூடாது என்று முடிவெடுப்பவருக்குத் தேவைப்படுவது அந்த வழிதான்.